பச்சை மையும் என் மொட்டையும்

அரசு ஊழியர் ஒருவர் இடமாறுதல் கேட்டு மனு கொடுத்தால், அலுவலகத் தலைவர் அதைத் தன் கருத்தோடு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கருத்து ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடும். ‘ரெக்கமண்டட்’ என்றிருந்தால், இவருக்குக் கொடுங்கள், நான் சொல்கிறேன் என்று பொருள். ‘ஃபார்வர்டட்’ என்று மட்டும் இருந்தால், காகிதம் என் மேசையைத் தாண்டிவிட்டது, இனி என்னைக் கேட்காதீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். அலுவலகத்தில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பணிக்காலம் முழுவதையும் இவற்றுக்கு நடுவே கழித்து ஓய்வு பெற்றவள் நான். எட்டு வயதில் எனக்கு இது தெரியாது. என் மாமாவுக்கு எந்த வயதிலும் தெரியாது.

அப்பா விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. அக்காவுக்குச் சிறுவயதிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருந்தது. உள்ளூர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான். அதற்கு மேல் படிக்கத் திண்டிவனம் போக வேண்டும். ஆள் பிதுங்கும் பேருந்தில் அவளால் ஏற முடியாது. அம்மாவுக்கு விடிந்தால் மல்லாட்டைக் கொல்லை; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அப்பாவுக்குத் திண்டிவனத்துக்கு மாறுதல் கிடைத்தால், அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் அலுவலகம் போகலாம். கிடைக்காவிட்டால் அக்காவின் படிப்பு எட்டாவதோடு சரி. அவளோ ஒன்பதாவது புத்தகங்களை இரவல் வாங்கி அட்டையே போட்டு முடித்துவிட்டாள்.

மாறுதல் கிடைத்தால் மயிலம் முருகனுக்கு மொட்டை என்று அம்மா வேண்டிக்கொண்டாள். மொட்டை என்னுடையது. யாருக்காக வேண்டினால் யார் தலையை மழிப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாரியின் கையெழுத்தோடு மனுவின் பிரதி வீட்டுக்கு வந்திருந்தது. அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் தேறியவர். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர். பிரதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“பச்ச மை, பாத்தியா அக்கா? ஆபீசர் மட்டும்தான் இதுல கையெழுத்துப் போட முடியும். மேல ஃபார்வர்டட்னு வேற அடிச்சிக்கீது. ஃபார்வர்டுன்னா இன்னா? ஃபுட்பால்ல முன்னால நிப்பானே, அவன். கோல் போடறவன். உங்க ஆபீசரு கோல் போட்டுட்டாரு மாமா!” என்று அப்பாவின் தொடையைத் தட்டினார்.

“அப்ப ஆர்டரு வந்துச்சா, வர்லியா?” என்றாள் அம்மா.

“அது வந்துக்கினே இருக்குது. சாமி கடன பாக்கி வெச்சா பேஜாராயிடும். ஜல்தியா முடிச்சிடு.”

அக்கா அப்பாவைப் பார்த்தாள். “நெஜமாவாப்பா?”

அப்பா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தோலிலிருந்து கண்ணை எடுக்காமல், “மாமாதான் சொல்றாரே” என்றார்.

அடுத்த கிருத்திகையில் மயிலம் மலையேறினோம். படி முழுவதும் அப்பா அக்காவை முதுகில் சுமந்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும் என்பது வழக்கம்; அது கைக்குழந்தைகளுக்கு வகுத்தது. மாமாவின் மடியில் நான் கால் தரையில் இழுபட உட்கார்ந்திருந்தேன்.

“பொண்ணு கனமா கீதுங்களே, தாங்குவீங்களா?” என்றார் மழிப்பவர்.

“நான் தாங்கிக்கினு இருக்கேன். நீ கத்திய பாத்துப் போடுய்யா.”

என் தலையைப் பார்த்து அதிகம் சிரித்தது அக்காதான். “உரிச்ச தேங்கா மாதிரி கீதுடி” என்று சொல்லிக்கொண்டே சந்தனம் பூசிவிட்டாள். இறங்கும்போது, “என்ன எறக்கி விடுப்பா. இனிமே தெனம் என்ன சைக்கிள்ல வெச்சி மிதிக்கணும். இன்னிக்காவது ரெஸ்ட் எடு” என்றாள். அப்பா இறக்கவில்லை. அடிவாரம் தாண்டி, பேருந்து நிற்குமிடம் வரைக்கும் அவர் அவளை இறக்கவே இல்லை.

பள்ளிக்கூடங்கள் திறந்தன. உத்தரவு வரவில்லை. மாமா வரும் ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன. இரவல் புத்தகங்களை அக்கா அட்டையோடு திருப்பிக் கொடுத்தாள். முடியை வாங்கிக்கொண்டு முருகன் ஏமாற்றிவிட்டார் என்று நான் வெகுகாலம் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

நானும் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கோபம் போனது. அப்பா இருந்ததும் தபால் பிரிவுதான். மேலே போகிற மனுக்களில் அந்த ஒற்றைச் சொல்லை அடிப்பது அங்கே இருப்பவர்தான்; அதிகாரி பச்சை மையில் கையெழுத்து மட்டும் போடுவார். எந்தச் சொல் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, தன் மனுவிலும் அதை அப்பாவே அடித்திருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாயைத் திறந்திருந்தால் என் முடி தப்பியிருக்கும். ஆனால் அதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அன்று மலையிலிருந்து இறங்கும்போது, சந்தனம் காய்ந்த தலையோடு பின்னால் நடந்த எனக்கு ஒரே ஒரு கவலைதான். கேட்டபிறகும் அப்பா அவளை ஏன் இறக்கிவிடவில்லை? என்னையும் கொஞ்ச தூரம் தூக்கியிருக்கலாமே?

அப்பாவின் மனுவுக்குப் பதில் வராமல் இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்டு, திண்டிவனத்துக்கு மாறுதல் என்றே வந்தது. அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வளர்ந்துவிட்ட என் முடியை அக்கா காலையிலேயே இரட்டைப் பின்னலாகப் பின்னி, திண்டிவனத்தில் ஒன்பதாவது சேர என்னைப் பேருந்துக்கு அனுப்பிவைத்த நாள்.