ரிசப்ஷன் அக்கா எழுந்திருக்கவில்லை

பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கும் அக்கா, பேச்சுவார்த்தைப் பரீட்சையில் ஒரு நாட்டுக்கே தண்ணி காட்டிவிட்டாளாம். கல்லு மாதிரி உட்கார்ந்தாளாம், எதிராளி வேர்த்து விறுவிறுத்துப் போனானாம். வாயில் பஞ்சோடு காத்திருப்பவர்கள்கூடப் பஞ்சைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு இதைத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். நடந்தது வேறு, அதைச் சொல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது.

அக்காவுக்கு நாற்பது தாண்டியாயிற்று. பகலெல்லாம் பல்வலிக்காரர்களைச் சமாதானப்படுத்துவாள். சாயங்காலம் உலக நாடுகளைச் சமாதானப்படுத்தப் படிப்பாள். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. பல்லைப் பிடுங்குகிற இடத்திலிருந்து நேரே தூதரகத்துக்கா என்று புருஷன் கேலி செய்வான். ஆனால் வகுப்பு உள்ள நாளில் சமையல் அவன் கையில்தான்.

படிப்பில் கெட்டி. இல்லை என்று சொல்லத்தான் வாய் வராது. ஆளுக்கொரு நாட்டின் சார்பில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டிய செய்முறைப் பரீட்சையில் போன வருஷம், எதிராளி கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, தன் பங்குக்கு வந்த நாட்டின் துறைமுகத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு ஃபெயிலானாள். இது கடைசி வாய்ப்பு. இதிலும் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது.

இந்தத் தடவை ஆற்றுத் தண்ணீர்த் தகராறு. அணை கட்டிய நாட்டுக்காகப் பேச ஒரு கண்ணாடிக்காரன், ஆறு கடலில் சேரும் நாட்டுக்கு அக்கா. நாத்தனாரிடம் இரவல் வாங்கிய செருப்பு காலைக் கடித்தது. மேஜைக்கடியில் நைசாகக் கழற்றினாள். ஒன்று வழுக்கிக்கொண்டு எதிராளி பக்கம் போய்விட்டது.

மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் திறப்போம் என்றான் கண்ணாடிக்காரன். வெள்ளத்தில் நிற்கிறவனுக்குக் குடத்தில் தண்ணீர் கொடுக்கிற கதை. அக்காவுக்கு அதற்கே மனசு இளகிவிட்டது. பாவம், அவனும் பாஸாக வேண்டாமா. ஒப்புக்கொள்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் பேராசிரியர். கண்ணாடிக்காரன் எழுந்தான். அக்கா எழவில்லை. கோட்டும் சூட்டுமாக இருக்கிற அத்தனை பேர் முன்னால் ஒரு கால் வெறுங்காலாக எப்படி நிற்பது? விரலால் தரையைத் துழாவிக்கொண்டே முகத்தை மட்டும் இறுக்கி வைத்திருந்தாள்.

அவன் தொண்டையைக் கனைத்தான். கோடையிலும் கொஞ்சம் திறப்போம் என்றான். அக்கா அசையவில்லை. அவன் பேப்பரைப் புரட்டினான், பேனாவைக் கீழே போட்டான், கடைசியில் பாதிக்குப் பாதி, வருஷம் முழுக்க என்று இறங்கி வந்துவிட்டான். இதையும் விட்டால் உடன்பாடே இல்லாமல் பட்டம் கைநழுவிப் போகும் என்று அக்காவுக்கு உறைத்தது. மானம் போனால் போகிறது என்று ஒற்றைச் செருப்போடு எழுந்தாள். கைதட்டின மும்முரத்தில் காலை யார் பார்த்தார்கள்?

பாஸ்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரே கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்கக்கா அந்த உறுதிய? நம்ம கட்டட ஓனர்கிட்டயும் வந்து கொஞ்சம் அப்படி உக்காருங்களேன்."

பஞ்சு வாய்களெல்லாம் சிரிக்கப் பார்த்தன. அக்கா அடுத்த ஆளுக்கு டோக்கனைக் கிழித்தாள்.

"உறுதியும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டர். செருப்பு கெடைக்கல. கெடைச்சிருந்தா முதல் பேச்சுலயே எழுந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்."