கத்தரிக்கோலைத் திறக்கும் விரல்

என் சித்தி தையல்காரி. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வலது கையால் எழுதப் பழகியவள். கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்கே வந்தது. அவளுடைய இடக்கைக் கத்தரிக்கோலை வேறு யாராலும் ஒழுங்காகப் பிடிக்க முடியாது. அதனால் இரவல் கேட்டு எவரும் வந்ததில்லை.

ஒரு மழைநாளில் கடை வாசலில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிக் கோணிப்போனது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும், "நல்லவேளை, இடது கை" என்றார்கள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எந்தக் கையில எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"வலது கையில."

"அப்ப இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டுப் பார்க்கலாம்."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ரகம் சித்தி. சரியென்று எழுந்துவிட்டாள். சித்தப்பாதான் விடவில்லை.

"எழுதறது மட்டும்தான் டாக்டர் வலது. துணி வெட்டறது, என் முதுகுல ஒண்ணு வைக்கிறது எல்லாம் இடது."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள் சித்தி.

டாக்டர் சிரித்துக்கொண்டே எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் மாட்டினார். "அப்ப ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்கிறதுதான் நல்லது. ரெண்டு வழி இருக்கும்மா."

உடைந்த துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கமே தகடு வைத்தால் துண்டை நேராக அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் விரல்களை நிமிர்த்தும் தசைநார்கள் தகட்டின்மேலேயே ஓடி உரசும். பிறகு அதை எடுக்க வேண்டி வரலாம். உள்ளங்கைப் பக்கம் வைத்தால் தசை மூடிக்கொள்ளும். அங்கே வேறு தொல்லை. தகட்டை எலும்போடு பிடிக்கும் திருகு கொஞ்சம் நீண்டாலும் மறுபக்கம் எட்டிப்பார்த்து, கட்டைவிரலைத் தூக்கும் தசைநாரை நாளடைவில் அறுத்துவிடும்.

"எலும்பு ரெண்டுலயும் சேர்ந்துடும்," என்றார் டாக்டர்.

டாக்டர் கேட்காமலே சித்தி அவரிடம் பேசியது அப்போதுதான். "சேர்ந்தா போதாது டாக்டர். கத்தரியை மூடறதுக்கு எல்லா விரலும் உதவும். திறக்கறது கட்டைவிரல்தான்."

"உள்ளங்கைப் பக்கமே வைக்கிறேன். திருகைக் குட்டையாவே போடறேன். தைக்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டை மடக்கி இன்னொரு படம் எடுத்துப் பார்த்துடறேன்."

"தையல் நெருக்கமா இருக்கட்டும்," என்றாள் சித்தி.

ஆபரேஷனுக்கு மறுநாள், மரப்பு ஊசியின் வேகம் முழுதும் தெளிந்த பிறகு, உள்ளங்கையை மேஜையில் பதித்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னார் டாக்டர். சித்தி அதை யாரோ ஒருவருடைய விரலைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மெல்ல, ஒரு நூல் உயரம் எழும்பியது.

"இவ்வளவுதானா?"

"இன்னிக்கு இது போதும்மா. உரசல் எதுவும் இருந்தா பின்னாடிதான் தெரியும். தினமும் தூக்கிப் பாருங்க."

வலு திரும்பியதும் முதலில் பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்த்தாள். கோடு கோணியது. காகிதம் சரியாக வரும்வரை யாருடைய துணியையும் தொடவில்லை.

இப்போதும் காலையில் வெட்டுமேஜையில் கையைப் பதித்த பிறகுதான் மற்ற வேலை.

"கட்டைவிரல் மகாராணி எழுந்தாச்சா?" என்பார் சித்தப்பா, பாயில் புரண்டபடி.

"அது எழுந்தாச்சு. நீங்க எப்போ?"

கத்தரிக்கோல் திறக்கும் சத்தம் கேட்கும்.