மானுக்குப் பிடிபட்ட குசினி மணம்

எங்கள் வீட்டில் கறி வைப்பதற்கு முதல் செய்யும் வேலை வெங்காயம் உரிப்பதல்ல, யக்கெற்றுகளை ஒளிப்பது. ஜேர்மனியில், ஹம் நகரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் நடையில் தொங்கும் குளிர்ச்சட்டைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையறைக்குள் போட்டு, கதவை இறுகச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு துவாயையும் செருகிய பிறகுதான் அடுப்பு எரியும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அங்கே கறி மணக்காத வீட்டைப் பார்த்தால்தான் அயலுக்குள் கதை கிளம்பும். இங்கே ரயிலில் பக்கத்து இருக்கைக்காரி மெல்ல எழும்பி வேறு இடம் தேடினால், அன்று முழுவதும் மனம் கோணிப்போய்விடும். முப்பது வருடமாக டொச்சுக்காரரின் மூக்குக்குத் தப்பி வாழப் பழகிவிட்டோம். மானின் மூக்கை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஓம், மான்தான். என் மகன் கவினுக்குப் பதினேழு வயது. என்னோடு வேலை செய்த டீற்றர் என்ற நண்பர் வேட்டைக்கென்று தான் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டுக்கு என்னை விருந்தாளியாகக் கூட்டிப்போய்ப் பழக்கி, கடைசியில் நானும் பரீட்சை எழுதி வேட்டை அனுமதி எடுத்தேன். வால் பிடித்து வந்த கவினும் போன வருடம் இளையோருக்கான பரீட்சையில் சித்தியடைந்தான். பிறகு டீற்றர் குத்தகையை விட்டுவிட்டு மகளோடு வடக்கே போய்விட்டார். அந்த இலையுதிர் காலத்தில் வேறொருவரின் காட்டில் நடந்த பெரிய வேட்டைக்கு நாங்கள் போயிருந்தபோது, வாசலில் நின்றவர் கவினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிருகங்களைக் கலைத்து விடுகிற ஆட்கள் போடும் செம்மஞ்சள் மேற்சட்டையை எடுத்து நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணுக்கு இவன் வேட்டைக்காரனாகப் படவில்லை, அவ்வளவுதான். கவின் அதை வாங்கிப் போட்டுக்கொண்டான். திரும்பி வரும்போது காரில், "அப்பா, ஒருத்தரும் கூப்பிடாமல் நாங்களே போவம். ஸ்ராற்ஸ்போஸ்ற் எல்லாருக்கும் பொதுதானே?" என்றான். ஸ்ராற்ஸ்போஸ்ற் என்றால் அரசாங்கக் காடு. அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளை தன் முதல் மானை யாருடைய தயவும் இல்லாமல் எடுக்க வேண்டும்.

அந்த முடிவின் கனம் உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பம் முடியும்வரை எங்களுக்கென்று குறித்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊரில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்க்கவும் கையில் கடிதம் வேண்டும். சவுர்லாண்ட் மலைக்காடு எல்லைக்கு அப்பால் நீலமாகத் தெரியும்; பார்ப்பதோடு சரி. அதற்கும் முந்தி, யாழ்ப்பாணத்தில், துவக்கு, அதாவது துப்பாக்கி, என்றால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய சாமான். எந்தச் சந்தியில் யார் துவக்கோடு நின்றாலும் இறங்கி, தலையைக் குனிந்து, உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். நிறம் மாறும், கொடி மாறும், இறங்குவது மட்டும் மாறாது.

அதனால்தான் என் மனைவி வதனி ஆரம்பத்தில் ஆடித் தீர்த்தாள். "துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களே கொண்டுவந்து வீட்டுக்குள்ளை வைக்கப் போறியளோ?" என்றாள். நிலவறையில் இரும்புப் பெட்டி வைத்து, அதன் இலக்கம் எனக்கு மட்டுமே தெரியும் என்று சத்தியம் செய்த பிறகுதான் அடங்கினாள். அதற்குப் பிறகும் வேட்டை என்ற சொல்லைக் கேட்டால் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பொதுக்காட்டில் வேட்டையாட இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. அன்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, காத்திருந்து, ஒருவழியாக ஒக்ரோபர் மாதத்துக்கு அதே சவுர்லாண்ட் காட்டில் ஒரு பரணும் ஒரு மானும் எங்களுக்கென்று ஒதுக்கினார்கள். மாதம் முடிந்தால் அனுமதியும் முடியும். காட்டதிகாரி ஒரு பெண்மணி. குட்டை முடி, சேறு படிந்த சப்பாத்து. படத்தை விரித்து, எந்தப் பக்கம் காற்றடித்தால் எந்தப் பாதையால் போக வேண்டும் என்றெல்லாம் விளங்கப்படுத்தினார். கடைசியில், "இறைச்சியை எடுத்துப் போவீர்களா, இங்கே விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நாங்கள் இறைச்சிக்கு அலைந்து வந்தவர்கள் இல்லை" என்று டொச்சில் சொன்னேன். அந்த அம்மா திகைத்துப்போனார். கவின் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். "அப்பா, அவ எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். சில பேர் எடுக்கிறேல்லை." பிறகு அவரிடம் திரும்பி, "எடுப்போம், அம்மா கறி வைப்பா" என்று டொச்சில் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றார். முப்பது வருடத்தில் எங்கள் கறியைத் தானாகக் கேட்ட முதல் அரச உத்தியோகத்தர் அவர்தான்.

மாதம் முடிய இரண்டே சனி இருக்கும்போதுதான் முதன்முதலாகப் போக வாய்த்தது. அதற்கு நாங்கள் செய்த ஆயத்தத்தில் ஒரு குறையும் இல்லை. காற்றுப் பார்த்தோம், படம் பார்த்தோம். யக்கெற்றுகளில் கறி மணம் இருக்கக் கூடாதென்று இரண்டு நாள் முன்பே அவற்றைப் பல்கனியில் தொங்கவிட்டேன். பின்னேரம் பரணில் ஏறிக் குந்தினோம். வெயில் சாயும் நேரம் பற்றைக்குள்ளிருந்து ஒரு மான் வந்தது. இரண்டடி வைத்தது. எங்களைச் சுற்றி ஒரு மெல்லிய சுழல்காற்று வீசியது. மான் தலையைத் தூக்கி மூக்கை விரித்து, நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு மறைந்தது. இருட்டும்வரை வேறு ஒன்றும் வரவில்லை. கவின் தன் கைமடிப்பை முகர்ந்து பார்த்தான். "அப்பா," என்றான், "இது மல்லி."

வீட்டுக்கு வந்து விசாரித்தால், வெள்ளிக்கிழமை நாங்கள் இல்லாத நேரம் பார்த்து வதனி பல்கனியில் மின்னடுப்பை வைத்து மிளகாய்த்தூளுக்கு வறுத்திருக்கிறாள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம். வீட்டுக்குள் வறுத்தால் புகைமணி அடிக்குமாம். "எனக்கென்ன தெரியும், மானுக்கும் உந்த மணம் பிடியாதெண்டு!" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் கவின் சிரித்து முடித்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பியதை அவள் கண்டுவிட்டாள். செம்மஞ்சள் மேற்சட்டைக் கதை அவளுக்கும் தெரியும்.

அடுத்த நாள் தொடக்கம் எங்கள் வேட்டைத் திட்டத்தின் பொறுப்பு வதனியின் கைக்குப் போய்விட்டது. யக்கெற்றுகளை மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்தாள். காட்டிலிருந்து தேவதாரு இலையும் சருகும் அள்ளிவரச் சொல்லி, அவற்றோடு சேர்த்துப் பெட்டியில் மூடி நிலவறையில் வைத்தாள். தானே தினமும் இறங்கிப்போய் முகர்ந்து பார்த்து, "இன்னும் பெருஞ்சீரகம் நிக்குது" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தக் கிழமை முழுக்க அடுப்பில் தாளிதமே இல்லை. பாணும் பட்டரும், பட்டரும் பாணும். வெள்ளிக்கிழமை இரவு பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இப்பப் போங்கோ. மரம்தான் மணக்குது" என்றாள். புறப்படும்போது கவினின் சட்டைப்பையில் ஒரு மடிப்புத் திருநீறு வைத்துவிட்டாள்.

அதுதான் மாதத்தின் கடைசிச் சனி. காட்டுப் பாதையில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். எதிரே ஒரு முதியவர் சைக்கிளில் வந்தார். இறங்கிவிடாதீர்கள் ஐயா, இறங்க வேண்டாம் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் இறங்குவதாவது! கிணிங் கிணிங் என்று மணியடித்தார். நான் புல்லுக்குள் ஒதுங்கி நின்றேன். "டாங்கெ!" என்று நன்றி சொல்லிவிட்டு, துவக்கைப் பார்க்கக்கூடச் செய்யாமல், தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. என்ன நடந்தது என்று கவின் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

பரணில் ஏறியதும் அவன் திருநீற்றைக் கிள்ளி விரல்களுக்கிடையில் மெல்ல விட்டான். காற்றுப் பார்க்கிறானாம். ஏசுவதற்கு வாயெடுத்தேன். அந்த வெண்தூள் நேரே எங்கள் முகத்துக்கு வந்தது. காற்று மான் வரும் பக்கமிருந்து வீசுகிறது, எங்களுக்குச் சாதகம். வாயை மூடிக்கொண்டேன்.

மான் வந்தது. இளம் பெண்மான், தனியாக. சுடு, சுடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. கவின் அசையவில்லை. பின்னால் குட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். குட்டியுள்ள தாயைச் சுடக் கூடாது என்பது முதல் பாடம். மான் மேய்ந்தது, திரும்பியது, போகப் பார்த்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். குட்டி இல்லை என்று அவனுக்கு நிச்சயமானது. மான் பக்கவாட்டில் நின்றது. வெடித்தது. வெடிச்சத்தத்துக்குக் குப்புற விழுந்து பழகிய இந்த உடம்பு, அன்று பரணில் துள்ளி எழும்பி நின்றது.

மான் நின்ற இடத்திலேயே கிடந்தது. கவின் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு பச்சைக் கொப்பு முறித்து அதன் வாயில் வைத்தான். கடைசி வாய் உணவு என்பார்கள். இந்த நாட்டு வேட்டைக்காரர் இறந்த மிருகத்துக்குச் செய்யும் மரியாதை. இன்னொரு கொப்பை நான் முறித்து, அதன் இரத்தத்தில் தொட்டு, என் தொப்பியின் மேல் வைத்து அவனிடம் நீட்டினேன். சுட்டவனுக்குக் கொப்புக் கொடுத்துச் சொல்லும் டொச்சு வாழ்த்தைத் தொடங்கிப் பாதியில் விட்டேன். "கெட்டிக்காரன்ரா" என்று தமிழில் முடித்தேன். அவன் மறுமொழியை ஒழுங்காக டொச்சில் சொன்னான். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நெடுங்காலத்துக்குப் பிறகு.

ஞாயிறு வதனி மான் கறி வைத்தாள். பல்கனியில் வறுத்த அதே தூள். அதிகாரியம்மாவுக்கென்று பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் முதலில் ஒரு பங்கு எடுத்து வைத்தாள். தாளிக்கப் போகிறாள் என்று கண்டதும் நான் பழக்கதோசத்தில் நடைக்கு ஓடினேன். கவினின் வேட்டை யக்கெற் கொளுக்கியில் தொங்கியது. மேலே தொப்பி, தொப்பியில் காய்ந்த கொப்பு. எடுக்கப் போன என்னை அவன் மறித்தான்.

"விடுங்கோ அப்பா. கிடக்கட்டும்."

குசினிக் கதவு திறந்தபடி இருந்தது. கடுகு வெடித்தது. கறிவேப்பிலை விழுந்தது. சவுர்லாண்ட் காட்டு மரம் மணத்த அந்தச் சட்டைக்குள் எங்கள் தூள் மணம் மெல்லப் புகுந்தது. நான் கதவிடுக்கில் செருகும் துவாயை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன்.