சைக்கிள் பாரில் ஒரு கோடு

சைக்கிள் கடைக்காரர்களை நான் என்றைக்குமே நம்பியதில்லை. பஞ்சர் ஒட்டப் போனால் டயரே போச்சு என்பார்கள். டயர் மாற்றப் போனால் வீலே கோணல் என்பார்கள். அன்று பிரேக் கட்டை மாற்றத்தான் அடுகோடியில் இருந்த ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் பிரேக்கைத் தொடவே இல்லை. குனிந்து முன் பாரை விரலால் தடவினார்.

"ஃபிரேம்ல விரிசல் விட்டிருக்கு சார். வேற வண்டி பாத்துக்கோங்க."

"எங்கே விட்டிருக்கு? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"எப்பிடித் தெரியும்? இவ்ளோ பெயின்ட்ட அப்பி வெச்சிருக்கீங்களே!"

அது உண்மைதான். ஆயுத பூஜைக்கு ஃபாக்டரி மெஷின்களுக்கு அடித்து மிஞ்சும் பெயின்ட்டை நாங்கள் அவரவர் சைக்கிளுக்கும் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்போம். வருஷா வருஷம் பூச்சின் மேல் பூச்சு. அவர் ஓர் இடத்தில் சுரண்டிக் காட்டினார். மயிரிழை போல ஒரு கோடு. இரும்பில் விட்ட கோடா, அடிப்பூச்சில் விட்ட கோடா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"வெல்டிங் பத்த வெச்சுத் தர முடியாதா?"

"பேடா சார், வேணாம்," என்றார் கன்னடமும் தமிழுமாக. "கொழந்தைய உக்கார வெச்சுட்டுப் போறீங்க. நான் பொறுப்பில்ல."

அந்தப் பாரில்தான் தினமும் என் மகளை உட்காரவைத்து, பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அதைச் சொல்லி மடக்குகிறாரே என்று எரிச்சல் வந்தது. வாசலில் விற்பனைக்கு நின்ற புது வண்டிகள் பளபளத்தன. என்னுடையதோ சீமை வண்டி. பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறேன் என்று வேறு சொன்னார். ஓகோ, விஷயம் அதுதானா! விருட்டென்று கிளம்பினேன். ஏறி மிதித்திருக்கலாம், ஏனோ வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தேன்.

மனைவி முழுவதையும் கேட்டாள்.

"அவன் திருடனாவே இருக்கட்டும். பாப்பா விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

மறுநாளே பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கினேன்.

"இதைப் பழைய இரும்புக்குத்தானே போடுவீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வேற எதுக்கு சார் ஆகும்?" என்றார்.

சில மாதம் கழித்து, ஓசூர் ரோட்டில் ஒரு பச்சை வண்டி என்னைத் தாண்டிப் போனது. பச்சை அடித்தால் என்ன, இத்தனை வருஷம் பிடித்த ஹேண்டில் எனக்குத் தெரியாதா? என் வண்டியேதான். அடப்பாவி! எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்று, நல்ல ஃபிரேமை விட்டுப்போச்சு என்று என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். இல்லையென்றால், விட்டுப்போன ஃபிரேமை நல்லது என்று இந்த மனுஷன் தலையில் கட்டியிருக்கிறான்.

அப்போதுதான் கவனித்தேன். முன் பாரில் ஒரு குழந்தை கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சார்! நில்லுங்க சார்!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. இறக்கத்தில் வண்டி வேகமெடுத்தது. கடவுளே, அந்தக் கடைக்காரன் என்னைத்தான் ஏமாற்றியிருக்க வேண்டும், என்னைத்தான் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பின்னால் மிதித்தேன்.