தூணில்லாத போர்டிகோ

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வீடு கட்டுகிறவனுக்குத் தூக்குக்குண்டு காட்டுவதுதான் நேர், மற்றதெல்லாம் வெறும் பேச்சு. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இது நடந்தது பட்டப்பகலில், காலை பத்து மணிக்கு.

அறுபதுகளின் தொடக்கம். தில்லை நகரில் வீட்டைவிட வயல்தான் அதிகம். கல்லூரி ஆசிரியர் ஆரோக்கியசாமிக்கு அங்கே புது மாதிரி வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். ஓடு கிடையாது, முற்றம் கிடையாது, தட்டையான காங்கிரீட் கூரை, சுவர் முழுக்க ஜன்னல், வாசலில் தூணே இல்லாமல் ஆறடி நீட்டிக்கொண்டு நிற்கும் போர்டிகோ! அடியில் பூசக்கூட வேண்டாம், காங்கிரீட் ஊற்றுகிற பலகையின் மரரேகை அப்படியே தெரியட்டும், அதுதான் ஃபேஷன் என்று அவரிடம் அடித்துப் பேசியிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற எனக்குக் கால் தரையில் பாவவில்லை, போங்கள்.

சாதாரணக் கூரைக்குக் கம்பியை அடிப்பக்கம் போடுவார்கள். இப்படி அந்தரத்தில் நீட்டுகிற கூரைக்கு மேல்பக்கம் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழே தாங்குகிற முட்டு எடுத்ததும் விழுந்துவிடும். கம்பி கட்டுகிற பாலக்கரை காதர் பாய், "எப்பவும் போலத்தானே சார்?" என்று கேட்டார். நான் காதில் சரியாக வாங்காமலே மண்டையை ஆட்டிவிட்டு, மொசைக் தரைக்கு வண்ணம் பார்க்க மலைக்கோட்டைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது காங்கிரீட் போட்டாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து முட்டு எடுக்கும் நாள். பலகையெல்லாம் உருவியாயிற்று, ஓரத்தில் இரண்டு சவுக்கு முட்டுதான் பாக்கி. அண்ணாந்து பார்த்தேன், மரரேகை அவ்வளவு சுத்தம்! ஆசிரியரும் அவர் மனைவியும் பயந்துகொண்டு ரோட்டிலேயே நின்றார்கள். கட்டியவன் கீழே நின்றால்தான் அவர்களுக்குத் தைரியம் வரும் என்று நான் நடுவில் போய் நின்று, "தட்டுங்கப்பா!" என்றேன்.

முதல் முட்டு விழுந்தது. இரண்டாவதற்குச் சம்மட்டி ஓங்கும்போது காதர் பாய் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறார்.

"சார், வெளிய வந்துடுங்க! கம்பியைக் கீழ போட்டுட்டேன் சார்!"

வேறொரு கட்டடத்தில் அன்று காலைதான் அதே தப்புக்குத் திட்டு வாங்கியிருக்கிறார்.

சம்மட்டி இறங்கிவிட்டது, முட்டு சரிந்தது, தலைக்கு மேல் டொக்கென்று ஒரு சத்தம், கூரை ஒரு நூல் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் நின்றுவிட்டது. நின்றேவிட்டது ஐயா! சற்றுமுன் வெறும் மரரேகை இருந்த இடத்தில், காய்ந்து இறுகிய காங்கிரீட்டில், பத்தடி உயரத்தில், இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. கைரேகைகூடத் தெரிந்தது.

"யா அல்லா, யாரு சார் பிடிச்சிருக்காங்க?" என்றபடி காதர் பாய் என்னை வெளியே இழுத்தார்.

அன்றைக்கே திரும்ப முட்டுக் கொடுத்து, ஒரு தூணும் எழுப்பினேன். "தூணே இல்லாத வீடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேங்க" என்று ஆசிரியருக்கு வருத்தம். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன்.

வேலை முடிந்து முட்டுகளை எடுத்தால், தூணின் தலைக்கும் கூரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. தூண் காய்ந்து சுருங்கியிருக்கும், கூரை மெல்ல இறங்கி உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். வருடா வருடம் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன். செய்தித்தாளை நுழைத்தால் எங்கேயும் தட்டாமல் அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. தூண் சும்மாதான் நிற்கிறது.

ஆசிரியர் வீட்டார் அதன் கீழே நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார்கள், எனக்கும் தருகிறார்கள். அண்ணாந்து அந்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறேன். நான் அன்று மண்டையை ஆட்டியதற்கு, இத்தனை வருடமாக யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கை வலிக்காதா அவர்களுக்கு?