பூஜை அறைத் தரையில் ஒரு கீறல்

கல்கத்தாவின் பெஹாலாவில் மழைக்காலம் வந்தால் தரையிலிருந்தே ஓதம் ஏறும். என் மனைவிக்கு அது ஆகாது, இழுப்பு வந்துவிடும். வாடகை வீடுகளில் முப்பது வருஷம் அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான், பேங்கிலிருந்து ரிட்டயரான கையோடு சொந்த வீடு கட்டத் துணிந்தேன்.

கொத்து வேலைக்கு வந்த மிஸ்திரியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மனிதர் மணலைச் சமப்படுத்தி, மேலே தடித்த பாலிதீன் ஷீட் விரித்து, ஓரங்களை ஒட்டினார். அதன்மேல்தான் கான்கிரீட்.

"இதுல ஊசி குத்தின ஓட்டைகூட இருக்கக் கூடாது," என்று வங்காளியில் சொன்னார். பெரிதாகத் தலையாட்டினேன்.

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. ஈசானிய மூலையில் நவதானியம் போட வேண்டாமா? பிளாஸ்டிக் மேல் போட்டால் பூமாதேவிக்கு எப்படிப் போய்ச் சேரும்? மிஸ்திரி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பிளேடால் ஒரு சாண் நீளம் கீறி, மஞ்சள் துணியில் முடிந்த தானியத்தை மண்ணில் புதைத்தேன். சாதித்துவிட்ட திருப்தி வேறு.

அந்த மூலைதான் பூஜை அறை ஆனது. முதல் மழைக்கே அங்கே மட்டும் தரை கறுத்தது. காலையில் அரை மணி அங்கே உட்காரும் என் மனைவி, இருமிக்கொண்டே எழுந்தாள். நான் என்ன செய்தேன்? மிஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். கீறியது மறந்தா போயிருந்தது? கான்கிரீட்டுக்கு அடியில் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். வெட்கம் கெட்டவன் நான்.

அவர் உளியும் சுத்தியலுமாகத் தரையை உடைத்தார். அழுகிய தானியத்தோடு மஞ்சள் துணி மேலே வந்தது. ஷீட்டில் கோடு போட்டாற்போல் கீறல். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, தூசிக்குப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்ற என் மனைவியைப் பார்த்தார். அவளை அண்ணி முறையில் பௌதி என்றுதான் அழைப்பார்.

"என் வேலையிலதான் பிசகு, பௌதி. சரி பண்ணிடறேன்."

அவள் கண் துணியை விட்டு நகரவில்லை. கொடியில் காயப்போட்டு, காணோமென்று அவள் நாள் முழுக்கத் தேடிய துண்டு அது.

"ஏங்க, இத்தன நாள் நான் இருமினப்பகூடச் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

"நான்தான் கீறினேன்," என்று மிஸ்திரியிடம் சொன்னேன். அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.