பதினாலாம் வாசல்

என் மாமாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? பின்னேரங்களில் அவர் மாடிப்படியின் உச்சியில் முழங்காலை மடித்து நிற்பார். கண்கள் மூடியிருக்கும். ஒரு கை மட்டும் மீன் நெளிவதுபோல் இடமும் வலமும் அசையும். முதலாம் வாசல், இரண்டாம் வாசல் என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். பதினாலில் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும். கண்ணைத் திறக்காமலே மாமா சொல்வார்:

"பதினாலாம் வாசலில அப்பா நிக்கிறார்."

எங்கள் குடும்பத்தில் விளையாட்டுப் பைத்தியம் இல்லாதவர் யாருமில்லை. அம்மப்பா ஊரில் ஓட்டக்காரர், அம்மா வலைப்பந்து, அவருடைய தம்பியான இந்த மாமா சுவிஸில் பனிச்சறுக்குப் போட்டிகளுக்குப் போனவர். தமிழ்ப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்ட சொந்தக்காரர்களே பிறகு அவருடைய பதக்கங்களோடு நின்று படம் எடுத்தார்களாம். அம்மப்பா இறந்ததும் மாமா எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்களோடு இருக்க, நாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட் ஊருக்கு வந்துவிட்டார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எங்கள் வீட்டு இலக்கமும் பதினாலு. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அம்மப்பா எங்கள் வாசலில் வந்து நிற்கிறார், மாமா கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். கதவின் மங்கல் கண்ணாடியில் உயரமான ஒரு நிழலை நானே இரண்டு முறை பார்த்தேன். பயம் போய் மாமா மேல் கோபம் வந்தது.

பனி கொட்டிப் பள்ளிக்கூடம் பூட்டிய ஒரு நாள், மாமா படியில் எண்ணத் தொடங்கினார். பதின்மூன்று வந்ததும் நான் ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்தேன். யாருமில்லை. ஆனால் வெள்ளையாகிப்போன வாசற்படியில் இரண்டு இடங்களில் மட்டும் பனி விழுந்திருக்கவில்லை, யாரோ வெகுநேரம் நின்றதுபோல.

மாமா கண்ணைத் திறந்தார். யார் திறந்தது என்று கேட்டார்.

"அம்மப்பாவுக்குக் குளிருமெல்லே மாமா. உள்ள வரட்டும்."

அவர் மெல்ல இறங்கி வந்து அந்த இரண்டு தடங்களையும் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றார்.

"வாங்கோ அப்பா."

குளிர் எங்கள் இருவரையும் கடந்து உள்ளே போயிற்று. மரியாதைக்குத்தான் ஒதுங்குகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் படியில் நிற்கவேயில்லை. பேயை ஓட்டியது நான்தான் என்று வெகுகாலம் பெருமைப்பட்டேன். பனிச்சரிவில் நட்ட இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகும் வழியைச் சறுக்குபவர்கள் வாசல் என்பார்கள் என்று அம்மா சொன்னபோது எனக்கு இருபது வயது. மகனின் கடைசிப் போட்டியில், சறுக்குபவர்கள் சரியாகக் கடக்கிறார்களா என்று பார்க்கப் பதினாலாம் வாசலுக்குக் காவல் நின்றவர் அம்மப்பா. அந்த வேகத்தில் மாமாவால் ஒதுங்க முடியவில்லை.